ஐம்பது டொலர் என்று எழுதியிருந்த காசு

தம்பி,

நீ கொழும்பிலிருந்து வந்து சேர இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. வந்தால் வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். பந்தல்காரர் வருவார், சமையல்காரர் வருவார், பெண்வீட்டார் வருவார்கள். அந்தச் சந்தடிக்குள் உன்னைத் தனியாக இருத்தி இதைச் சொல்ல என்னால் முடியாது. ஃபோனில் இரண்டு தரம் தொடங்கிப் பார்த்தேன். "என்னப்பா, சத்தத்தைக் காணேல்லை" என்று நீ கேட்டாய். மழை வரப் பார்க்கிறது என்று ஏதோ சொல்லி வைத்துவிட்டேன். தபால் கந்தோர் மாஸ்டராக முப்பத்தைந்து வருடம் மற்றவர்களின் கடிதங்களைத் தரம் பிரித்தவன் நான். என் சொந்தப் பிள்ளைக்கு எழுதும் முதல் நீண்ட கடிதம் இதுதான். ஆறுதலாக இருந்து வாசி. வேலை செய்யும் இடத்தில் வைத்து வாசிக்காதே.

போன வெள்ளிக்கிழமை உன்னுடைய பொன்னுருக்கு அலுவலாக வேலணைக்குப் போனேன். தாலிக்கு உருக்கும் பொன்னில் அம்மாவுடையதில் ஒரு துண்டாவது சேரவேண்டும் என்று நீ கேட்டிருந்தாய் அல்லவா? அலுமாரியின் மேல்தட்டில் அவளுடைய பழைய பிஸ்கட் தகரம் இருந்தது. அவள் போனபிறகு அதை நான் திறந்ததில்லை. உள்ளே ஒரு சோடித் தோடு, அறுந்த சங்கிலித் துண்டு ஒன்று, வெள்ளைத் துணியில் சுற்றிய இன்னொரு பொருள். துணியை அவிழ்த்தால், உன் அண்ணன் சேந்தன் கனடாவிலிருந்து அனுப்பிய அந்த ஒற்றை மஞ்சள் காசு. அதை நான் மேசை லாச்சியில் பழைய பேனைகளோடு எறிந்தது நன்றாக நினைவிருக்கிறது. அவள் அதை எடுத்துத் தன் தோட்டோடு வைத்திருந்தது எனக்குத் தெரியாது. பித்தளைக்கு ஏன் இவ்வளவு பக்குவம் என்று நினைத்துக்கொண்டே எல்லாவற்றையும் ஒன்றாகப் பையில் போட்டுக்கொண்டு போனேன்.

பத்தரை உனக்குத் தெரியும். வேலணைச் சந்திக்குக் கிட்ட, தன் வீட்டு முன்னறையிலேயே நகை வேலை செய்கிறவர். தோட்டையும் சங்கிலியையும் ஒரு பக்கம் தள்ளிவிட்டு முதலில் காசைத்தான் எடுத்தார். எடுத்தவர் திரும்ப வைத்துவிட்டு, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, விளிம்பில் மட்டும் விரல் படப் பிடித்தார்.

"மாஸ்டர், இதை எங்கை வைச்சிருந்தனீங்கள்?"

"அது சும்மா ஒரு விளையாட்டுக் காசு. மூத்தவன் அனுப்பினது. அம்பது டொலர் எண்டு அதிலையே போட்டிருக்கு."

அவர் காசைத் தராசில் வைத்தார். முப்பத்தொரு கிராமும் கொஞ்சமும் காட்டியது. விட்டத்தையும் தடிப்பையும் அளந்தார். பிறகு ஒரு கிளாசில் தண்ணீர் எடுத்துத் தராசில் வைத்து, காசை நூலில் கட்டி, அடியில் முட்டாமல் தண்ணீருக்குள் தொங்கவிட்டார். தராசு முன்பிருந்ததைவிட ஒன்றரைக் கிராமுக்குச் சற்றுக் கூடுதலாக ஏறி நின்றது. "அந்த முப்பத்தொண்டை இதாலை பிரிச்சுப் பாருங்கோ. பத்தொன்பதுக்கு மேலை வரும். பித்தளை எண்டா எட்டு, ஒன்பதோடை நிண்டிடும்" என்றார். பூதக்கண்ணாடியை என் கையில் தந்து பார்க்கச் சொன்னார். காசின் வெறும் இடமெல்லாம் மயிரிழைபோலக் கோடுகள் கதிர்விட்டுக்கொண்டு போயின. காசில் பொறித்திருந்த பெரிய இலைக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத அளவில் இன்னொரு குட்டி இலை, அதற்குள் காசு அடித்த வருடத்தின் கடைசி இரண்டு இலக்கம். கள்ளக்காசு அடிக்கிறவன் பாரத்தைக்கூடப் பொருத்திவிடுவான், இந்தக் கோட்டையும் இந்த இலையையும் இவ்வளவு துப்புரவாக வெட்ட அவனால் ஏலாது என்றார்.

"உரைச்சுப் பாக்கேல்லையோ?" என்று கேட்டேன்.

"இதைப் போய் உரைகல்லிலை தேய்க்கிறதோ? கீறு விழுந்தா காசின்ரை மதிப்பு இறங்கிடும். மாஸ்டர், அம்பது டொலர் எண்டது அந்த நாட்டு அரசாங்கம் சட்டத்துக்காகப் போடுற பேர் விலை. அந்த விலைக்கு ஒருத்தரும் விக்கவும் மாட்டினம், வாங்கவும் மாட்டினம். இதின்ரை விலை பாரத்திலை கிடக்கு. நாலு ஒன்பது போட்டிருக்குப் பாருங்கோ, கலப்பில்லாத பொன். ஒரு அவுன்ஸ். எங்கடை கணக்கிலை நாலு பவுணுக்குச் சொட்டுக் குறைவு. செம்பு சேத்து இருபத்திரண்டு கரட் ஆக்கினா நாலே கால் பவுணிலை நகை செய்யலாம்."

யாழ்ப்பாணத்தில் நகைக்கடை வைத்திருக்கும் ஒருவருக்கு ஃபோன் எடுத்து அன்றைய விலையைக் கேட்டு எனக்குச் சொன்னார். என்னுடைய இரண்டு வருட ஓய்வூதியத்தைவிட அது கூட. பத்தர் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தவர், "விளிம்பிலை ஆரோ கத்தியாலை சுரண்டியிருக்கினம். அது வந்த கவரும் இல்லை. ரெண்டும் நல்லா இருந்தா சேகரிக்கிற ஆக்கள் இன்னும் கூடத் தருவினம். சரி, பொன்னுக்கு ஒரு குறையும் இல்லை. ஆர் மாஸ்டர் இதைச் சுரண்டினது?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன். எழுபது வயதில் அப்படி ஒரு பொய் சொன்னேன். சுரண்டியது நான்தான்.

நடந்ததில் பாதி உனக்குத் தெரியும், ஆனால் நான் சொன்ன மாதிரித்தான் தெரியும். அதைத் திருத்தவேண்டும். உன் அண்ணனை வெளிநாட்டுக்கு அனுப்பியபோது நீ சின்னப் பிள்ளை. சண்டைக் காலம். அவனுக்கு இருபத்தொரு வயது. ஏஜென்சிக்குக் கட்ட என்னிடம் இருந்தது போதவில்லை. அம்மா ஒரு நாள் காலையில் தலை முழுகி, சாமி கும்பிட்டு, ஏழு பவுண் தாலிக்கொடியைக் கழற்றி என் கையில் தந்தாள். தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துப் போட்டுக்கொண்டாள். "அவன் உயிரோடை எங்கையாவது இருந்தாக் காணும். கொடி பேந்து ஒரு நாளைக்குச் செய்யலாம்" என்றாள். அந்தக் கொடியை ஊர்காவற்றுறையில் விற்றவன் நான். வருடா வருடம் அவள் கயிற்றை மாற்றியதையும் நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் போய்ச் சேர்ந்து, இரண்டு வேலை செய்து, மாதா மாதம் எங்களுக்குப் பணம் அனுப்பினான். உன் படிப்பு அந்தப் பணத்தில்தான் நடந்தது. பிறகு ஒரு வருடத்தில் ஆறேழு மாதம் அவன் அனுப்புவது நின்றுபோனது. கேட்டால், "கொஞ்சம் பொறுங்கோ அப்பா" என்பான். அந்த நாளில் புளியங்கூடலில் எங்கள் ஒழுங்கையில் மட்டும் மூன்று வீடு மாடியாக எழும்பிக்கொண்டிருந்தது, எல்லாம் வெளிநாட்டுப் பிள்ளைகள் கட்டியது. எங்கள் கூரை ஒழுகியது. வெளியே சொல்லாவிட்டாலும் எனக்குள் எரிச்சல் ஏறிக்கொண்டிருந்தது. இவன் எங்களை மறந்துவிட்டான் என்று நான் முடிவு கட்டினேன். இந்த ஐம்பது டொலர் காசு வருவதற்கு முன்பே அந்த முடிவு வந்துவிட்டது என்பதைக் கவனித்துக்கொள்.

அந்த வருடம் நயினாதீவு அம்மன் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து சேந்தனின் கூட்டாளி ஒருவன் வந்தான். கோயிலுக்குப் போய் அம்மனைக் கும்பிட்டுவிட்டு வள்ளத்தில் திரும்பி, மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தான். பக்கத்து வீட்டார் இரண்டு பேரும் இருந்தார்கள். நீயும் இருந்தாய், பாயசம் பரிமாறிக்கொண்டு நின்றாய். அவன் கழுத்துப் பையிலிருந்து கண்ணாடிபோன்ற ஒரு சின்ன பிளாஸ்டிக் கவரை எடுத்து, "அம்மான்ரை கையிலை குடுக்கச் சொல்லித் தந்தவன்" என்று நீட்டினான். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் நான் வாங்கிவிட்டேன். ஒரு பக்கம் இராணியின் தலை, அதன்கீழ் ஐம்பது டொலர். மறுபக்கம் இலை, சுத்தத் தங்கம், ஒரு அவுன்ஸ் என்று ஆங்கிலத்தில். இரண்டையும் வாசித்தேன். ஐம்பது டொலருக்கு ஒரு அவுன்ஸ் தங்கம் எவன் கொடுப்பான்? ஆகவே தங்கம் என்பது பொய், ஐம்பது டொலர்தான் உண்மை. என் புத்தி அப்படிப் போனது. தபால் முத்திரையில் அச்சடித்த விலைதான் முத்திரையின் விலை என்று வாழ்நாள் முழுக்க விற்றவன் நான்.

கவரைப் பேனாக்கத்தியால் பிளந்தேன். "பாருங்கோ, பூச்சு வேலை" என்று சொல்லி எல்லோருக்கும் முன்னால் விளிம்பைச் சுரண்டிக் காட்டினேன். சுரண்டிய இடமும் மஞ்சளாகவே இருந்தது. தடிப்பாகப் பூசியிருக்கிறார்கள் என்றேன். அந்தப் பொடியன் "இல்லை ஐயா, அது..." என்று தொடங்கினான். "நீர் சாப்பிடும் தம்பி" என்று வாயை அடைத்தேன். அம்மா அதைக் கையில் வாங்கிப் பார்த்து, மெதுவாக, "இஞ்சருங்கோ, பாரமாக் கிடக்கு. ஒருக்காப் பத்தரிட்டைக் காட்டுவமே" என்றாள். "உமக்கு என்ன தெரியும்? கொண்டுபோய்க் காட்டி ஊர் சிரிக்கவோ?" என்று கேட்டேன். என் கந்தோர் மேசையில் அரசாங்கத் தராசு இருந்தது. ஊரில் யார் எந்தப் பொதியைக் கொண்டுவந்தாலும் கிராம் கணக்கில் நிறுத்துத்தான் விலை சொல்வேன். என் பிள்ளை அனுப்பியதை ஒரு தரங்கூட அதில் வைத்துப் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு அவன் ஃபோன் எடுத்தபோது அம்மாவிடம் கொடுக்காமல் நானே பேசினேன். "அம்பது டொலருக்கு ஒரு தகரக் காசு அனுப்பியிருக்கிறாய். உன்ரை கொம்மா தாலிக்கொடியை வித்தவள். அவளுக்கு நீ போட்ட விலை இதோ?" என்று கேட்டேன். அவன் "சரி அப்பா" என்றான். அவ்வளவுதான். அவன் மறுத்துப் பேசாததை, பிழையை அவன் ஒப்புக்கொண்டதாக நான் எடுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து அவனோடு நானாக ஒரு சொல் பேசவில்லை. உனக்கும் அப்படியே சொல்லிச் சொல்லி வளர்த்தேன். அவன் உன்னோடு கதைக்க வேண்டும் என்று கேட்ட நேரமெல்லாம் நீ குளிக்கிறாய், படிக்கிறாய் என்று சொன்னவன் நான். பிறகு நீயாகவே அதைச் சொல்லப் பழகிவிட்டாய். அது உன் பிழை அல்ல.

அம்மா செத்தபோது அவன் வந்தான். மூன்று நாளுக்குள், மனைவியையும் குழந்தையையும் விட்டுவிட்டுத் தனியாக ஓடிவந்தான். கிரியைக்கு முன் அவளுடைய கழுத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். மஞ்சள் கயிறு. நான் அவனுக்குப் பக்கத்தில் போய், கேட்கக்கூடியவர்களுக்குக் கேட்கத்தான், "வடிவாப் பார். கடைசி மட்டும் கயிறுதான்" என்றேன். அவன் என்னை ஒரு தரம் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் இன்றைக்கு எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். கோபம் இல்லை. எட்டாம் நாள் கிரியையான எட்டுச் செலவு முடிந்து அவன் புறப்பட்ட நாளில் வாகனத்தில் ஏறுமட்டும் அவன் உன்னைத் தேடினான். நீ கிணற்றடியில் நின்றாய். போய் வா என்று சொல்லு என்று நான் உனக்குச் சொல்லவில்லை. இரண்டு வருடத்தில் வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சு அடைத்து விழுந்தான். முப்பத்தாறு வயது. அவனுடைய கிரியையை நீயும் நானும் உன் ஃபோனில் பார்த்தோம். படம் நின்று நின்று வந்தது. நான் பாதியில் எழும்பிப் போய் மாட்டுக்குத் தண்ணீர் வைத்தேன்.

வேலணையிலிருந்து வந்ததும் வதனியின் நம்பரைத் தேடி எடுத்தேன். உன் அண்ணியோடு அதுவரை நான் தனியாகப் பேசியதே இல்லை. நம் வீட்டில் காலை ஆறு மணி, அங்கே இரவுச் சாப்பாடு முடிந்த நேரம். பத்தர் சொன்னதைச் சொன்னேன். அவள் திகைப்பாள் என்று நினைத்தேன். "ஓம் மாமா, தெரியும்" என்றாள்.

"மாமிக்கும் தெரியும். இவர் அண்டைக்கே மாமிக்குச் சொன்னவர். கொடி செய்யத்தான் ஒரு வருசமாச் சேத்து அதை வாங்கினவர். நீங்கள் சுரண்டின கதையும் இவருக்குத் தெரியும், கூட்டாளி சொன்னவர். அப்பாட்டைச் சொல்லிக் கொடியைச் செய்யச் சொல்லுங்கோ எண்டு இவர் மாமியோடை சண்டை பிடிச்சவர். மாமிதான் வேண்டாம் எண்டவ."

"ஏன் பிள்ளை?"

"பொன் எண்டு தெரிஞ்சா நீங்கள் கூரைக்கு வித்துப்போடுவீங்களாம். கொடி செய்தாலும் அடுத்த கஷ்டத்துக்குப் போயிடுமாம். பித்தளை எண்டு நினைச்சுக்கொண்டிருந்தா ஒருத்தரும் தொடமாட்டினம், சின்னவன்ரை கலியாணத்துக்குக் கிடக்கட்டும், நான் கயிறோடை இருந்துபோட்டுப் போறன் எண்டு சொன்னவ. இவரிட்டைச் சத்தியம் வாங்கினவ."

தம்பி, அவள் சொன்னது சரிதான். நான் விற்றிருப்பேன். அந்த மாடி வீடுகளைப் பார்த்துப் பார்த்து நான் எதையும் விற்கக்கூடிய நிலையில் இருந்தேன். என்னோடு நாற்பது வருடம் வாழ்ந்தவள் என்னை எவ்வளவு சரியாக நிறுத்து வைத்திருந்தாள் என்று அன்றைக்குத் தெரிந்தது. ஆனால் அவளுடைய ஏற்பாட்டின் பாரம் முழுவதையும் உன் அண்ணன் சுமந்தான். தாயின் சவத்துக்குப் பக்கத்தில் நான் அப்படிச் சொன்னபோது அவன் ஒரு வசனத்தில் என் வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. நான் வதனியிடம் அதைத்தான் கேட்டேன், மாமி போனபிறகாவது ஏன் சொல்லவில்லை என்று.

"நானும் கேட்டனான் மாமா. தம்பியின்ரை பொன்னுருக்கு வரட்டும், அண்டைக்குப் பத்தர் சொல்லுவார், நான் ஏன் சொல்லி அப்பாவை ஆக்களுக்கு முன்னாலை தலைகுனிய வைக்கவேணும் எண்டு சொல்லுவார். பொன்னுருக்கு அண்டைக்கு உங்களுக்கு ஃபோன் எடுக்க இருந்தவர்."

நான் மன்னிப்புக் கேட்டேன். இந்த வயதில் முதல் தரம் ஒருவரிடம் அந்தச் சொல்லைச் சொன்னேன். அவள் "அதை அவரிட்டைக் கேட்டிருக்கவேணும் மாமா" என்றாள். குத்திச் சொல்லவில்லை. இருக்கிறதைச் சொன்னாள். "பிள்ளையைப் படுக்க வைக்கவேணும். நாளைக்கு எடுங்கோ" என்று வைத்தாள்.

இனி உனக்குச் சொல்லவேண்டியது. காசு அம்மாவின் துணியில், பிஸ்கட் தகரத்தில் இருக்கிறது. அதை என்ன செய்வது என்று நான் தீர்மானிக்கப் போவதில்லை, அந்த உரிமை எனக்கு இல்லை. பத்தர் சொல்வது, தாலிக்கு ஒரு பவுண் போதும், அதற்கு அம்மாவின் சங்கிலித் துண்டும் தோடும் காணும், காசை வெட்டினால் அது வெறும் பொன், முழுசாக இருந்தால் எந்த நாட்டிலும் காட்டி விற்கலாம் என்பது. அம்மா அதை உனக்கென்று வைத்தாள். அண்ணன் அதை அம்மாவுக்கென்று வாங்கினான். அவனுக்கு ஒரு மகள் இருக்கிறாள். இந்த மூன்றையும் வைத்து நீ யோசி. யார் கேட்டாலும் விலையை மட்டும் அன்றைய நாளின் விலையாக விசாரித்துக்கொள், என்னைப்போல் கண்ணால் மதித்துவிடாதே. காசு என்று இல்லை, யாராவது உனக்கு ஒன்றைத் தந்து அது குறைவாகத் தெரிந்தால், தந்தவனிடம் ஒரு கேள்வி கேள். அவன் மறுமொழி சொல்லி முடிக்குமட்டும் பேசாமல் இரு. நான் கேட்டவை கேள்விகள் அல்ல.

அழைப்பிதழில் அண்ணியின் பெயர் வேண்டாம் என்று நீ சொன்னபோது நான் சரி என்றேன். அது என் வாயிலிருந்து நீ கற்றது. அச்சுக்குப் போகமுன் போடு, அவள் பெயரையும் பிள்ளையின் பெயரையும். சேந்தனின் பெயரையும் அதற்குரிய இடத்தில் போடு. பிறகு நீயே அவளுக்கு ஃபோன் எடு. என்ன சொல்வது என்று என்னைக் கேட்காதே, எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. அவள் உன்னை "தம்பி" என்றுதான் கூப்பிடுகிறாள், இவ்வளவு நடந்தபிறகும்.

நான் இப்போது ஒவ்வொரு நாளும் காலையில் எடுக்கிறேன். வதனி அதிகம் பேசமாட்டாள், ஆனால் வைக்கவும் மாட்டாள். நேற்று அவள் குசினியில் ஏதோ அலுவலாக நின்றாள், ஃபோனைப் பிள்ளை எடுத்தாள். எட்டு வயது. தமிழ் கொஞ்சம் கொன்னித் தட்டிக்கொண்டு வருகிறது. யார் என்று கேட்டாள். ஊரிலிருந்து என்றேன். யோசித்துவிட்டு, "நீங்கள் அப்பான்ரை அப்பாவோ?" என்று கேட்டாள்.

ஓம் என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. அதுவரை அவள் ஃபோனை வைக்காமல் காத்துக்கொண்டிருந்தாள்.

அப்பா